கையெழுத்துப் போடும் முன்

அன்பு மகன் செழியனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, படி ஏறும்போது மட்டும் பிடித்துக்கொள்கிறது. பாப்பா அந்தப் பையன் விஷயத்தை விட்டுவிட்டாளாம், நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

வேலை மாறியதிலிருந்து போனில் "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட கொடுங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறாய். என்ன வேலை என்று கேட்டதற்கு, சொல்லக் கூடாது என்றாய். சரி, இனி கேட்கவில்லை. வாஷிங்டனில் அரசாங்க வக்கீல் என்றால் வாயைக் கட்டித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் போன தடவை நீ வந்திருந்தபோது மாமா அந்தப் பேச்சை எடுத்தாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "வெளிநாட்டுக்காரன், தீவிரவாதி, அவனுக்கு எதுக்கு வக்கீலு, எதுக்கு கோர்ட்டு?" என்று அவர் சத்தம் போட்டார். நீ தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தாய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவரை மடக்கிப் பேசியவன் நீ. அவர் சொன்னதை ஒத்துக்கொண்டாயா, பேச உனக்கு அனுமதி இல்லையா, எதுவென்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். என் மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். நீ பதில் போடாவிட்டாலும் படித்துவிடு.

மாமாவின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. 2001 செப்டம்பர் 11ல் செத்த 2,977 பேரில் ஒருவர் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர். அந்தக் கோபத்தை நான் ஒருநாளும் தப்பென்று சொன்னதில்லை. கோபத்தைச் சட்டமாக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சமத்துவ உலகத்தைக் கனவு கண்ட என் கற்பனாவாத சோஷலிஸ்டுகளை நீ கேலி பண்ணுவாய். "உங்க ஆளுங்க சொர்க்கத்துக்கு வரைபடம் போடுவாங்க, ஜெயிலைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று கல்லூரி விடுமுறையில் வந்தபோது கேட்டாய். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன். பிரான்சில் 1793 செப்டம்பரில் சந்தேக நபர்கள் சட்டம் என்று ஒன்று வந்தது. குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. யாரோடு பழகுகிறாய், என்ன பேசினாய், என்ன எழுதினாய் என்பதே ஒருவனைப் பிடித்து உள்ளே போடப் போதுமானதாக இருந்தது. என் ஆட்களில் ஒருவரான சேன் சிமோன் அப்படித்தான் பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே கிடந்தார். லியோன் நகர முற்றுகையில் சொத்தையெல்லாம் இழந்த இன்னொருவர், ஃபூரியே, சிறைக்குப் போய்த் தலை தப்பி வந்தார். அடுத்த ஜூனில் இன்னொரு சட்டம். அதன்படி குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் கிடையாது. தீர்ப்பு இரண்டே வகை, ஒன்று விடுதலை, இல்லையென்றால் மரணம். பயங்கர ஆட்சி என்று வரலாறு சொல்வது இந்தக் காலத்தைத்தான். ஆக, பயங்கரவாதம் என்ற சொல்லுக்கு முதல் சொந்தக்காரர்கள் கைதிகள் அல்ல, கைது செய்தவர்கள்.

எழுத்தாளர் தாமஸ் பெய்னைப் பற்றி உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். அவர் சோஷலிஸ்ட் அல்ல. ஆனால் 21 வயதான ஒவ்வொருவருக்கும் பொதுப்பணத்திலிருந்து 15 பவுன், 50 தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 பவுன் கொடுக்க வேண்டும் என்று 1797லேயே எழுதியவர். பாரிசில் மன்னனைக் கொல்லக் கூடாது என்று வாதாடியவர். அவரை 1793 டிசம்பரில் வெளிநாட்டுக்காரர் என்ற பெயரில் பிடித்து லக்சம்பர்க் சிறையில் போட்டார்கள். இங்கிலாந்தில் பிறந்தவர், இங்கிலாந்தோடு பிரான்சுக்குப் போர், அவ்வளவுதான் குற்றம். நான் அமெரிக்கக் குடிமகன் என்று அவர் கத்தினார். பாரிசில் இருந்த அமெரிக்கத் தூதர் அவருக்காக வலுவாகப் பேசவில்லை. கொல்லப்பட வேண்டியவர்களின் அறைக் கதவில் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டு வருவார்களாம். இவர் அறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் குறி உட்பக்கத்தில் விழுந்துவிட்டது. ராத்திரி கதவைச் சாத்தியதும் குறி உள்ளே போய்விட்டது. இதை அவரே எழுதியிருக்கிறார். கதவு எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பதில் ஒரு மனிதன் உயிர் நிற்கிறது பார். விசாரணை இல்லாத இடத்தில் அப்படித்தான் நிற்கும். பத்து மாதம் கழித்து, புதிதாக வந்த தூதர் மன்றோ போராடி வெளியே எடுத்தார்.

என் ஆட்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள் என்று நான் சாதிக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் பெல்லமி 1888ல் எழுதிய நாவலில் கி.பி. 2000ல் வக்கீலே கிடையாது, ஜூரியும் கிடையாது. குற்றவாளி தானே உண்மையைச் சொல்லிவிடுவான், பொய் சொன்னால் தண்டனை இரட்டிப்பு. இந்த இடத்தில் எனக்குப் பெல்லமியோடு ஒத்துவராது. நல்லவர்களின் ஆட்சியில் வக்கீல் வேண்டாம் என்பவன், தன் ஆட்சி நல்ல ஆட்சி என்று முடிவு கட்டிவிட்டவன். சந்தேகப்பட்டவன் வாயிலிருந்து ஒரு மறுப்பு வருவதற்கு அங்கே இடமே இல்லை.

ஆலை நடத்திய சோஷலிஸ்ட் ஓவன் அதைப் புரிந்துகொண்டவர். ஸ்காட்லாந்தில் தன் நியூ லானார்க் நூற்பாலையில் ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் நான்கு நிறம் பூசிய மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். முந்தின நாள் வேலை மோசம் என்றால் கருப்புப் பக்கம் முன்னால், நல்ல வேலை என்றால் வெள்ளை. மேற்பார்வையாளர் திருப்பி வைப்பார். பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த நிறம் அநியாயம் என்று நினைக்கிற தொழிலாளி நேரே ஓவனிடம் போய் முறையிடலாம் என்றும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு அந்த மரக்கட்டையைவிட இந்த முறையீடுதான் பெரிது. சூழ்நிலைதான் மனிதனின் குணத்தை ஆக்குகிறது என்று நம்பியவர் அவர். அப்படி நம்புகிறவனுக்கு ஒருத்தனைப் பிறவிக் கொலைகாரன் என்று எழுதிப் பெட்டியில் பூட்ட மனம் வராது.

ஹேமார்க்கெட் வழக்கில் தூக்கிலிடப்பட்டவர்களின் நினைவுச் சின்னம் இருக்கும் வால்டைம் கல்லறைத் தோட்டத்துக்கு உன்னைக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? முக்காடிட்ட அந்த வெண்கலப் பெண், கீழே கிடக்கும் தொழிலாளியின் தலையில் மாலை வைப்பாள். நீ அவள் கையைத் தொட்டுப் பார்த்தாய். 1886 மே 4ல் சிகாகோ ஹேமார்க்கெட்டில் தொழிலாளர் கூட்டத்தில் வெடிகுண்டு. போலீஸ்காரர்கள் ஏழு பேர் செத்தார்கள். குண்டு வீசியது யார் என்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. தண்டிக்கப்பட்ட எட்டுப் பேரில் ஆறு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைக்கு அவர்கள்தான் வெளிநாட்டுத் தீவிரவாதிகள். அவர்களுக்காக, அமெரிக்காவின் பெரிய எழுத்தாளர்கள் வாய் மூடிக் கிடந்தபோது, நாவலாசிரியர் ஹௌவெல்ஸ் பேசினார். பெரிய பத்திரிகையில் சம்பளத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவர், இழக்க நிறைய இருந்தவர். 1887 நவம்பரில் நியூயார்க் நாளேட்டுக்குக் கடிதம் எழுதி, தூக்கை நிறுத்தச் சொல்லி ஆளுநருக்கு மனுப் போடும்படி ஜனங்களைக் கேட்டார். நான்கு பேரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். பிறகு அதே ஹௌவெல்ஸ், பணமே இல்லாத ஒரு கற்பனை நாட்டை வைத்து நாவல் எழுதினார். கனவு காண்கிறவனால் வழக்கு விவரத்தையும் பார்க்க முடியும், தம்பி. 1893ல் ஆளுநர் ஆல்ட்கெல்டு சிறையில் மிச்சமிருந்த மூவரையும் விடுவித்தார். ஜூரியைத் தேர்ந்தெடுத்த விதமே பிழை, நீதிபதி ஒருதலைப்பட்சமானவர், சாட்சியம் குற்றத்தைக் காட்டவில்லை என்று எழுதியே விடுவித்தார். அடுத்த தேர்தலில் தோற்றார்.

இப்போது குவாண்டனாமோவுக்கு, கியூபாவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் சிறைக்கு, வருகிறேன். 2002 ஜனவரி 11ல் முதல் இருபது பேர் வந்து இறங்கினார்கள். மொத்தத்தில் சுமார் 780 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. பிடித்துக் கொடுப்பவனுக்குப் பணம் என்று ஆப்கானிஸ்தானில் துண்டுப் பிரசுரம் போட்டார்கள். காசுக்குக் காட்டிக் கொடுத்தவன் சொன்னது உண்மையா என்று பார்க்கத்தானே கோர்ட்டு? அதே ஆப்கன் போர்க்களத்தில் பிடிபட்ட ஜான் வாக்கர் லிண்ட் அமெரிக்கன் என்பதால் வர்ஜீனியாவில் வக்கீலோடு நீதிபதி முன் நின்றான், இருபது வருஷ தண்டனை வாங்கினான். மற்றவர்களுக்குக் கம்பிவேலி.

இதைச் செய்ய வழிவிட்டது 2001 நவம்பர் 13ல் புஷ் போட்ட ராணுவ ஆணை. அது குடிமகன் அல்லாதவர்களுக்கு மட்டும். செழியா, நீ சிகாகோவில் பிறந்தவன், உன் பெயர் அதற்குள் வராது. நானும் அம்மாவும் இன்றைக்கும் கிரீன் கார்டுதான். எங்கள் பெயர் வரும். மாமா அன்றைக்கு வெளிநாட்டுக்காரன் என்று சொன்னபோது அந்த மேசையில் ஒரு வெளிநாட்டுக்காரன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த வருஷம் விமான நிலையத்தில் நடந்ததை நான் மறுபடி எழுதவில்லை, உனக்குத் தெரியும். ஆனால் 1886லேயே சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த ஒரு சீனர் வழக்கில், சட்டத்தின் பாதுகாப்பு குடிமகனோடு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை எனக்கு முதலில் படித்துக் காட்டியவன் நீதான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

பூமெதியன் வழக்கும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போஸ்னியக் கோர்ட்டு விடுவித்த பூமெதியனைப் பிடித்துக்கொண்டுபோய் குவாண்டனாமோவில் அடைத்தார்கள். 2008 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், குவாண்டனாமோ கைதிக்கும் ஆட்கொணர்வு மனுப் போட உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதி இந்தப் பக்கம் சாய்ந்திருக்காவிட்டால் அதுவும் இல்லை. விசாரணை நடந்ததும் அவரைப் பிடித்து வைக்க ஆதாரம் போதாது என்று நீதிபதி விடுவிக்கச் சொன்னார். அதற்குள் அவர் ஏழு வருஷம் உள்ளே இருந்துவிட்டார்.

கோர்ட்டு கொடுத்தால் தீவிரவாதி தப்பிவிடுவான் என்று மாமா சொல்கிறார். செப்டம்பர் 11ல் தகர்ந்த அதே உலக வர்த்தக மையத்தில் 1993ல் குண்டு வைத்த ராம்சி யூசெஃப் 1995ல் பிடிபட்டான், 1998ல் நியூயார்க் சாதாரண நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை வாங்கிவிட்டான். செப்டம்பர் 11க்கு மூளையாக இருந்ததாகச் சொல்லப்படும் ஆளை 2003ல் பிடித்து, ஒரே மாதத்தில் 183 முறை தண்ணீரில் மூச்சுத் திணற வைத்தார்கள். 2024ல் குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒப்பந்தம் கையெழுத்தாகி, இரண்டு நாளில் பாதுகாப்பு அமைச்சர் அதை ரத்து செய்தார். மாமாவின் நண்பர் குடும்பத்துக்கு இதனால் என்ன நியாயம் கிடைத்தது, சொல்.

ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஸ்டூவர்ட் கௌச். கடற்படைக் காலாட்படையின் லெப்டினன்ட் கர்னல், குவாண்டனாமோ கைதிகளை விசாரிக்கும் ராணுவ ஆணையத்தில் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்தவர். தெற்குக் கோபுரத்தில் மோதிய விமானத்தின் துணை விமானி அவருடைய நண்பர். கோபப்பட அவருக்கு இருந்த காரணம் மாமாவுக்குக்கூட இல்லை. முகமது சலாஹி என்ற மொரிட்டானியாக்காரர் மீது வழக்கு நடத்தும் வேலை அவரிடம் வந்தது. வாக்குமூலம் சித்திரவதையில் வாங்கியது என்று தெரிந்ததும் இந்த வழக்கை நடத்த மாட்டேன் என்று 2004ல் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். சலாஹி மீது கடைசிவரை குற்றச்சாட்டே பதிவாகவில்லை. பதினான்கு வருஷம் குவாண்டனாமோவில் அடைத்து வைத்துவிட்டு 2016ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கௌச் கனவுவாதி இல்லை, சோஷலிஸ்டும் இல்லை. ஆனாலும் என் ஓவனும் ஹௌவெல்ஸும் கேட்டதை அந்த ஒரு நாளில் அவர் செய்துவிட்டார்.

உன் மேசைக்கு என்ன காகிதம் வருகிறது என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் முழுசாகப் படி. இது எங்கே, எப்படி வாங்கிய வாக்குமூலம் என்று கேள். கேட்டால் பதவி உயர்வு போகலாம். போகட்டும். சம்பளம் குறைந்தால் நாங்கள் இருக்கிறோம், வீட்டுக் கடன் அடைத்தாயிற்று. மறுபடி சொல்கிறேன், படிக்காமல் கையெழுத்துப் போடாதே. பெயர் வெளிநாட்டுப் பெயராக இருந்தால் இன்னொரு தடவை படி.

சட்டம் உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று எழுதவில்லை. உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மாமா வருகிறார். அதைக் காரணம் காட்டி வராமல் இருந்துவிடாதே. அவர் ஆரம்பித்தால் பதிலை நான் சொல்கிறேன், நீ வாயே திறக்க வேண்டாம். டிக்கெட் எடுத்ததும் அம்மாவிடம் தேதியைச் சொல். அந்தக் கம்பளிச் சட்டையை மறக்காமல் எடுத்துவா, இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

அன்புடன்,
அப்பா