'அது உன்பாடு' என்று சொல்லாதவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்திய தவநாட்களான லெந்து கால வெள்ளிக்கிழமைக் கூடுகைகளுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல்கள். ஈஸ்டர் முடிந்தது. வாடகை நாற்காலிகள் திரும்பிப் போய்விட்டன, கணக்கும் சபைக் கமிட்டியில் வைத்தாயிற்று. நன்றி மட்டும்தான் பாக்கி. ஞாயிறு அறிவிப்போடு இரண்டு வரி வாசித்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று திருச்சபை நெடுங்காலமாகச் சொல்லிவரும், பாவத்துக்காக வருந்திப் பாடும் ஏழு வேதாகமப் பாடல்களையும் (6, 32, 38, 51, 102, 130, 143) இந்த லெந்தில் தியானிப்பது என்று முடிவானபோது, "லெந்து வந்தாலே அழுகைதானா?" என்று கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பெரிய வெள்ளி மும்மணி (மூன்று மணி நேர) ஆராதனைக்கென்று போய்விட்டால் மீதி ஆறு வெள்ளிக்கிழமைகள்தான் இருக்கின்றன, ஏழு சங்கீதங்களை எப்படி அடக்குவது என்பது அடுத்த கேள்வி. முதல் மாலையிலேயே இரண்டைச் சேர்த்துக்கொண்டோம். முதல் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை.

பதில் கிடைத்தது 51ஆம் சங்கீதத்தின் மாலையில். அதற்காக எங்கள் குருவானவர் ஐயாவுக்கு முதல் நன்றி. அந்தச் சங்கீதத்துக்குரிய தாவீது ராஜாவில் தொடங்குவார் என்று எல்லோரும் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசில் தொடங்கினார். இயேசுவை அறியேன் என்று மறுதலித்த பேதுரு மனங்கசந்து அழுதான், சரி. யூதாஸ் மட்டும் என்ன, துக்கப்படாமலா இருந்தான்? முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான். "பாவஞ்செய்தேன்" என்று தன் வாயாலேயே சொன்னான். யாரிடம் சொன்னான்? பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும். ஜனங்களுடைய பாவத்துக்காகப் பலி செலுத்துவதையே வேலையாகக் கொண்டவர்களிடம். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு" (மத்தேயு 27:4). அடுத்த வசனத்தில் அவன் நான்றுகொண்டு செத்துப்போகிறான்.

பிறகுதான் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்துக்கு வந்தார். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்வித்த தாவீதும் அதே அறிக்கையைத்தான் செய்கிறான்: "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." அந்த 13ஆம் வசனம் முடிவதற்குள் தீர்க்கதரிசி நாத்தானின் பதில் வந்துவிடுகிறது: கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார். சற்று முன்பு "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொன்ன அதே நாத்தான். தாவீதின் குழந்தை இறந்ததையும், பட்டயம் அந்த வீட்டைவிட்டு விலகாமல் போனதையும் ஐயா மறைக்கவில்லை. மன்னிப்பு வந்தால் விளைவெல்லாம் துடைத்துப் போய்விடும் என்று சுலபமாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆனால் அழுகிறவன் பக்கத்தில் மன்னிப்பைச் சொல்ல ஒரு ஆள் இருந்தானா இல்லையா என்பதைப் பார்க்கச் சொன்னார். உயிர்த்தெழுதலின் காலையில் கல்லறைக்குள் இருந்த வாலிபன் "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும்" போய்ச் சொல்லுங்கள் என்கிறான் (மாற்கு 16:7). மறுதலித்தவனுக்குத் தனியாகப் பேர் சொல்லி ஆள் போகிறது. யூதாசின் துக்கம் பேதுருவின் துக்கத்தைவிடக் குறைந்தது அல்ல என்றே நான் இப்போது நினைக்கிறேன். வேத பண்டிதர்கள் மறுக்கலாம், மறுக்கட்டும்.

கூடுகை முடிந்த பிறகு பின்னறையில் காத்திருந்த சபை மூப்பர்கள் இருவருக்கும் ஐயரம்மாவுக்கும் (குருவானவரின் மனைவி) என் நன்றி இதனால்தான் சற்று கூடுதல். நம் சபைகளில் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம், குருவானவர் பாவமன்னிப்பு கூறுகிறார், அதோடு சரி. தனியே போய் மனதைத் திறக்கும் பழக்கம் நம்மில் அநேகருக்கு இல்லை. வந்தால் கேட்போம், வராவிட்டால் ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு வாரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். அங்கே பேசியது எதுவும் இன்றுவரை ஊரில் யார் வாயிலும் வரவில்லை. நம் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

சபையில் ஒரு பெரியவர். திருவிருந்து தொடங்கும் முன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நிற்பார். திருவிருந்தின் அப்பத்தை "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், புசிப்பவனைப் பற்றி பவுல் எழுதியது அவரை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது. பல வருஷப் பழக்கம், நாங்களும் கேட்டதில்லை. இந்த லெந்தில் மூப்பர் ஒருவர் அவரோடு போய் மரத்தடியில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று அழைக்கவில்லை, சும்மா நின்றார். அடுத்த வாரமும் நின்றார். ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் பெரியவர் பீடத்தண்டை முழங்காலிட்டார் என்பதை எழுத அவரே சம்மதம் தந்தார். காரணத்தை நான் கேட்கவில்லை.

பக்கத்து ஊர் கத்தோலிக்கப் பங்குத்தந்தை ஒரு மாலை வந்து குருவிடம் தனியே பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்தை விளக்கினார். சீர்திருத்தச் சபையான எங்கள் சி.எஸ்.ஐ. மண்டபத்தில் நின்றுகொண்டு, கத்தோலிக்கரான அவர், சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் கதை சொன்னதுதான் எங்களுக்கு ஆச்சரியம். துறவியாக இருந்த நாட்களில் லூத்தர் ஒரே மூச்சில் ஆறு மணி நேரம்கூடப் பாவ அறிக்கை செய்வாராம். வெளியே வந்தால் இன்னொன்று ஞாபகம் வரும். அவருடைய மேலாளரான ஸ்டௌபிட்ஸ், உன் பாவத்தையே பார்த்துக்கொண்டிராதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பிவிட்டார். லூத்தர் சொந்தமாக எழுதி அச்சில் வந்த முதல் புத்தகம் இந்த ஏழு சங்கீதங்களைப் பற்றியதுதான், 1517இல், சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த 95 வாக்கியங்களுக்குச் சில மாதங்களுக்கு முன்பு. தந்தை அவர்களே, வந்ததற்கும் வாய்விட்டுச் சிரிக்க வைத்ததற்கும் நன்றி.

அந்தப் பேச்சைத் தொட்டு மறுவாரம் பேசிய மனநல மருத்துவர் அம்மாவை மறக்க முடியாது. எத்தனை தடவை மன்னிப்பு கேட்டாலும் நிம்மதியே வராமல், தூக்கமும் பசியும் போய், நான் இருக்கவே கூடாது என்ற எண்ணம் வந்தால் அதைப் பாவ உணர்வு என்று மட்டும் நினைத்து உபவாசம் போடாதீர்கள், மருத்துவரிடம் வாருங்கள் என்றார். 'வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவி' 102ஆம் சங்கீதத்தில் வருகிற அன்று அதைச் சொன்னது இன்னும் பொருந்தியது. ஜெபக் கூட்டத்தில் மாத்திரையைப் பற்றிப் பேசலாமா என்று முணுமுணுத்தவர்களுக்கு என் பதில்: பேச வேண்டிய இடமே அதுதான்.

ஏழு சங்கீதங்களையும் கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்து சுவரெங்கும் ஒட்டிய கல்லூரி மாணவிக்கு நன்றி. யோசனை அவளுடையது அல்ல, அகுஸ்தீனுடையது. கி.பி. 430இல் வண்டாலர் படை வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த நேரம், மரணப் படுக்கையில் இருந்த அந்தப் பேராயர் மனந்திரும்புதலின் சங்கீதங்களை எழுதிச் சுவரில் தொங்கவிடச் சொல்லி, படுத்தபடியே வாசித்து அழுதார் என்று அவரோடு வாழ்ந்த பொசிதியுஸ் எழுதி வைத்திருக்கிறார். ஐயா இதைச் சொன்ன மறுநாளே அவள் தாள்களோடு வந்து நின்றாள். கண்ணாடி மறந்து வந்த பாட்டிகளெல்லாம் உங்கள் கட்சி, மகளே.

130ஆம் சங்கீதம் தொடங்கும்போது கரண்ட் போய்விட, "ஆழங்களிலிருந்து" என்று கடைசி வசனம்வரை மனப்பாடமாகச் சொல்லி முடித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, பாடகர் குழு, ஒலிபெருக்கிக்குக் காசு வாங்காத தம்பி, வாரந்தோறும் சுக்குக் காபியும் சுண்டலும் கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கம், எல்லோருக்கும் நன்றி. சுண்டலில் உப்பு குறைவு என்று நான் சொன்னதாகப் பரவிய செய்தி பொய்.

'அழுகைதானா' என்று கேட்ட கமிட்டிக்காரரே அடுத்த லெந்துக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். 51ஆம் சங்கீதத்தின் 12ஆம் வசனத்தில் 'இரட்சணியத்தின் சந்தோஷம்' இருக்கிறதே, அதற்கு ஒரு நல்ல பாட்டு வேண்டும் என்கிறார். தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள்.

சங்கீதப் பிரதிகள் கொஞ்சம் மீதி இருக்கின்றன. பின்னறை அலமாரியில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மூப்பர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த அறையில் தொடர்ந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். லெந்து முடிந்துவிட்டதே என்று யாரும் தயங்க வேண்டாம்.

இப்படிக்கு,
கூடுகைகளின் ஒழுங்கைக் கவனித்துக்கொண்ட உங்கள் சகோதரன்