வட்டுவாகல் பழைய பாலத்தை இடித்துவிடாதீர்கள்

வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் வட மாகாண அதிகாரிகளுக்கும் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 செப்டெம்பரில் வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான வேலை தொடங்கியபோது எங்கள் பக்கத்தில் மகிழாதவர் இல்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் எதிரே வரும் லொறி கடந்து முடியும்வரை இக்கரையில் காத்து நிற்பதும், மாரி வெள்ளம் பாலத்தை மேவினால் போக்குவரத்தே நின்றுபோவதும் எத்தனை ஆண்டுப் பாடு! புதிய பாலம் வேண்டும். என் வேண்டுகோள் பழையதைப் பற்றியது. புதியது திறந்த கையோடு அதை இடித்து அள்ளிவிடாதீர்கள். திருத்தியெடுத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் விட்டுக்கொடுங்கள்.

அகலமான பாலத்தில் வாகனங்கள் வேகம் குறைக்கப்போவதில்லை. விடியற்காலையில் வலையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வரும் தொழிலாளியும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும் பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் ஒதுங்கி ஒதுங்கித்தான் போகவேண்டிவரும். நந்திக்கடல் நீரேரி பெருங்கடலோடு சேரும் வாய் அது. இறால் படும் காலத்தில் அங்கே வீச்சுவலையோடு நிற்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

பொறியியலாளர்கள் உப்பைக் காரணம் காட்டக்கூடும். கொங்கிறீற்றுக்குள் உப்பு ஊறி, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேற்பகுதியை வெடிக்கவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழுதான பகுதியை வெட்டியெடுத்து, துருவைச் சுரண்டி, தேவையான இடத்தில் புதுக்கம்பி சேர்த்து மூடுவது நம் நாட்டில் அறியாத வேலையல்லவே. லொறிச் சக்கரத்தின் பாரமும் இனி அதன்மேல் ஏறப்போவதில்லை.

வெள்ளம்தான் எனக்கும் கவலை தருவது. பேராறு பெருகி நந்திக்கடல் நிரம்பும்போது பழைய பாலத்தின் ஒடுங்கிய கண்கள் நீரை மறித்தால் கரையோர வீடுகளுக்குக் கேடு. அப்படியானால் மறிக்கும் துண்டுகளை மட்டும் அகற்றி, அந்த இடைவெளிகளில் பாரம் குறைந்த இரும்பு நடைபாலம் போடுங்கள். முழுவதையும் இடிக்க முடிவெடுக்குமுன் இதற்கு ஒரு கணக்குப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். மட்டக்களப்பில் 1924இல் கட்டிய கல்லடிப் பாலம், 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்த பின்னும் நிற்கிறது. மாலையில் ஆட்கள் அதில் நடக்கிறார்கள்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய சனம் இந்தப் பாலத்தால்தான் நடந்தது. காயக்காரரைச் சுமந்துகொண்டு நடந்தது. என் தாயாரும் நடந்தவர். கையில் ஒரு பையைத் தவிர அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. இன்றும் பஸ் பாலத்தில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிடுவார். மறுகரை வந்த பின்பே விட்ட இடத்திலிருந்து தொடருவார். பிள்ளையையோ கணவனையோ கடைசியாகக் கண்டது இந்தக் கரையில்தான் என்று சொல்லும் குடும்பங்கள் 2017 முதல் முல்லைத்தீவில் தெருவோரம் இருந்து, அவர்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. “இங்கேதான்” என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டக்கூடிய இடம் இது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதில் ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள்.

ஆடம்பரமாக எதுவும் வேண்டாம். உறுதியான கைபிடி, இரவில் விளக்கு, மோட்டார் வண்டிகள் நுழையாதபடி இரு முனையிலும் கட்டைகள், களைத்தவர் இருக்க நாலு வாங்குகள் போதும். இவை இப்போதே மதிப்பீட்டில் சேரவேண்டும். ஒப்பந்தகாரரின் இயந்திரங்கள் வட்டுவாகலை விட்டுப் போனபின் கேட்டால் மறுபடியும் பணம் தேடவேண்டிவரும். அதற்குமுன் பாலத்தடியிலேயே ஓர் ஊர்க்கூட்டம் வையுங்கள். என் தாயாரையும் அழைத்துவருவேன்.

இங்ஙனம்,
புதுக்குடியிருப்பு வாசி