போர் போட அனுப்புன காசு

அம்மாடி,

நம்ம வீட்டு போர்வெல்ல இன்னும் ஆழமாக்கச் சொல்லி நீ அனுப்புன காசுல போர் போடல. கோவிச்சுக்காத, முழுசா படிச்சுட்டு பேசு. பக்கத்து வீட்டுல ஆழமா போட்டதும் நம்ம போர் வத்துச்சு, நாம போட்டா அடுத்த வீட்டுது வத்தும், இது எங்க போய் முடியும்? 2019 கோடைல லாரி தண்ணிக்கு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தோமே, அப்பவும் நாம குளிச்ச தண்ணியும் வாஷிங் மெஷின் தண்ணியும் நேரா தெரு கால்வாய்க்குத்தான் போயிட்டிருந்துச்சு. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

இப்ப அந்தத் தண்ணிய சுத்தம் பண்ண கொல்லையில மணல் ஃபில்டர் கட்டியிருக்கேன். ரெண்டு தொட்டி, அடியில ஜல்லி, மேல பேபி சிப்ஸ்னு சொல்ற பொடி ஜல்லி, அதுக்கு மேல ரெண்டடி மணல். முடி, அழுக்கெல்லாம் முன்னாடி ஒரு சின்ன தொட்டியிலயே தங்கிடும். கக்கூஸ் தண்ணி எப்பவும் போல செப்டிக் டேங்குக்கு, சிங்க் தண்ணியில எண்ணெய் இருக்கறதால அதயும் இதுல சேக்கல.

மணல் சும்மா வடிகட்டுதுன்னு நினைக்காத. ஒவ்வொரு மணல் துணுக்கு மேலயும் வழவழன்னு ஒரு படலம் படியுது, அதுல இருக்கிற நுண்ணுயிருங்கதான் அழுக்க தின்னுது, அதுங்களுக்கு காத்து வேணும், அதனால தண்ணிய கொஞ்சமா விடணும், வடியணும், காத்து உள்ள இறங்கணும், அப்புறம்தான் அடுத்தது. நீ இருக்கிற மாசசூசெட்ஸ்லயே லாரன்ஸ்னு ஒரு ஊர்ல 1887ல ஆராய்ச்சி நிலையம் வச்சு, சாக்கடைத் தண்ணிய மணல்ல இப்படி விட்டு விட்டு சோதிச்சிருக்காங்க.

முதல்ல நான் தப்பு பண்ணிட்டேன். கல்ல உடைச்சு செய்யற எம்-சாண்ட் மணல கழுவாம அப்படியே கொட்டிட்டேன், ஒரே மாசத்துல தண்ணி இறங்காம மேலயே நின்னு நாத்தம், உங்கம்மா கொல்லைக் கதவையே திறக்கல. மொத்தத்தையும் அள்ளி வெளிய போட்டேன். அப்புறம் அந்த மணல ஒரு பாட்டில்ல போட்டு தண்ணி ஊத்தி குலுக்கி வச்சேன், கொஞ்ச நேரத்துல மணலுக்கு மேல ஒரு விரல் கனத்துக்கு மாவு மாதிரி தூசி படிஞ்சுச்சு. அதுதான் அடைச்சிருக்கு. தண்ணி தெளியற வரைக்கும் கழுவி, சொரசொரன்னு இருக்கிறத மட்டும் திரும்பப் போட்டோம்.

இப்ப வர்ற தண்ணி லேசா மஞ்சளா இருக்கு, நாத்தமே இல்ல. குடிக்கவோ கீரைக்கு விடவோ கூடாது, தென்னைக்கும் வாழைக்கும் போகுது, செடிக்குன்னு மோட்டார் போடறதே இல்ல.

ஒரு தொட்டி ஓடுனா இன்னொண்ணுக்கு ரெஸ்ட். இந்த ஞாயித்துக்கிழமை இடது பக்கத் தொட்டியில மேல் மணல ஒரு இஞ்ச் சுரண்டி எடுக்கணும், அதனால காலைல கூப்பிடாத, சாயங்காலம் கூப்பிடு, வீடியோல காட்டறேன்.

அப்பா