தாய்மாரின் மனநிலைக்குப் புள்ளி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறியப் பல நாடுகளிலும் பயன்படுவது 1987இல் வெளிவந்த எடின்பரோ வினாக்கொத்து. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. ஆங்கிலத்தில் மொத்தப் புள்ளி 13ஐத் தொட்டால் மேலதிகமாகப் பார்க்கவேண்டும். வேறு மொழிகளில் இந்த எல்லை இன்னும் கீழே வருவதுண்டு.

அவுஸ்திரேலியாவின் பூர்வகுடித் தாய்மாரிடம் இதே தாளை நீட்டினால் பலர் மனந்திறப்பதில்லை. அவர்களின் பிள்ளைகளை அரசே பல தலைமுறைகளாகப் பறித்துச் சென்றது. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2008 பெப்ரவரி 13இல்தான். மனம் சரியில்லை என்று உத்தியோகத்தர் ஒருவரிடம் சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் இன்னும் விட்டுப்போகவில்லை. அதனால் மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில், அந்தப் பெண்களோடும் மருத்துவமாதுக்களோடும் கூடியிருந்து புதிய முறையொன்றை ஆக்கினார்கள். முதற்பகுதியில் அந்தக் கேள்விகளே ஊர்ப்பேச்சில், படங்களோடு வருகின்றன. இரண்டாம் பகுதி ஆறுதலாக இருந்து கதைப்பது: வீட்டில் யார் துணை, கணவரோடு எப்படி, சிறுவயது எப்படிப் போனது, குடி உண்டா, அண்மையில் இழப்பு ஏதும் நேர்ந்ததா, எது தெம்பு தருகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சுகாதாரப் பணியாளர் முடிவுக்கு வருவார்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த இரண்டாம் பகுதி மிகவும் வேண்டும். இங்குள்ள பயம் வேறு: 'விசர்' என்ற பட்டமும் புகுந்த வீட்டுக் கதையும். துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள். மாமியார் பக்கத்தில் நிற்க, கணவர் கேள்வியை வாசித்துக் காட்ட, எந்தப் பெண் உள்ளதைச் சொல்வாள்? எல்லாவற்றுக்கும் 0 விழும். தாள் சுத்தமாக இருக்கும், தாய் அப்படியே இருப்பாள். கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும்போது அம்மம்மாவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, தாயைத் தனியே இருத்திக் கேட்கலாம். உறவினர் யாரும் வாசிக்கவோ விளக்கவோ கூடாது. தலையிடி, நெஞ்சடைப்பு, பிள்ளை உறங்கும்போதும் நித்திரை வராமை என்று உடம்பைப் பற்றியே அவள் சொன்னால், 'என்ன யோசனை தங்கச்சி?' என்று அங்கிருந்து தொடங்குங்கள். சொல்வது யார் யாருக்குப் போகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

புள்ளியிடுவதிலும் பிழை வரும். 1, 2, 4ஆம் கேள்விகளுக்கு விடைகள் மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் 3, 2, 1, 0. அவசரத்தில் எல்லாவற்றையும் 0, 1, 2, 3 என்றே எண்ணினால் துவண்டுபோன தாய்க்குக் குறைந்த புள்ளியும் சுகமான தாய்க்குக் கூடிய புள்ளியும் வந்துவிடும்.

10ஆம் கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தப் புள்ளியைப் பார்க்கவே தேவையில்லை. அன்றே கேட்கவேண்டும், அன்றே அனுப்பவேண்டும், அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

கேள்விகளை எங்கள் பேச்சுக்கு மாற்றவும், கதைக்கும் பகுதியைச் சேர்க்கவும், மருத்துவமாது ஒவ்வொரு தாயோடும் அரைமணி நேரமாவது இருக்கத்தக்கதாக வேலையைப் பங்கிடவும் மாகாண சுகாதாரத் திணைக்களம் முன்வரவேண்டும். வாசகத்தைத் தீர்மானிக்கும் மேசையில் அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களும் இருக்கவேண்டும்.

தாய் சேய் நலப் பணியாளர் சிலர்,
யாழ்ப்பாணம்.