கணினி சரிபார்த்தது எதை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஆன்மிக இணைப்பில், கடவுள் இருப்பதைக் கணினி நிரூபித்துவிட்டதாக வந்த கட்டுரையை, என்னிடம் கணக்கு படிக்க வரும் பிளஸ் டூ மாணவி கத்தரித்துக் கொண்டுவந்தாள். "இனி யாரும் மறுக்க முடியாதல்லவா, டீச்சர்?" என்று கேட்டாள். நான் நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். அதனால்தான் இந்தக் கட்டுரையைக் கண்டும் காணாமல் விட மனம் வரவில்லை.

கணிதத் தருக்க அறிஞர் கர்ட் கோடெல், கடவுள் இருக்கிறார் என்று காட்ட 1970இல் எழுதிவைத்த நிறுவலை, இன்னொரு தருக்க அறிஞரான டேனா ஸ்காட் சற்றே மாற்றியமைத்த வடிவத்தில், 2013இல் இரண்டு ஆய்வாளர்கள் கணினியைக் கொண்டு சரிபார்த்தார்கள். ஐந்து எடுகோள்களை, அதாவது நிறுவாமலே உண்மை என்று வைத்துக்கொள்ளும் கூற்றுகளை, ஏற்றால் முடிவு பிசகில்லாமல் வருகிறது என்பதே அதன் விடை. அந்த ஐந்தும் உண்மையா என்று கணினியை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதனால் சொல்ல முடியாது. எந்தப் பண்பை எடுத்தாலும், அதுவோ அதன் மறுப்போ, இரண்டில் ஒன்று மட்டுமே நேர்ப்பண்பு, அதாவது நல்லதென்று கொள்ளத்தக்க பண்பு, என்கிறது முதல் எடுகோள். இடதுகைப் பழக்கம் இருப்பது நேர்ப்பண்பா, இல்லாதிருப்பதா? என் மாணவி வெகுநேரம் யோசித்தாள்.

கட்டுரை சொல்லாமல் விட்டது இன்னும் இருக்கிறது. கோடெலின் மூலக் குறிப்பில் முரண்பாடு இருப்பதைப் பின்னர் கண்டுபிடித்ததும் அதே ஆய்வாளர்கள்தாம், கணினியின் துணையோடுதான். முரண்பட்ட எடுகோள்களிலிருந்து எதையும் நிறுவலாம், கடவுள் இல்லை என்பதையும்கூட. ஸ்காட்டின் வடிவத்தில் அந்தக் குறை இல்லை. ஆனால் அதை ஏற்றால், நடந்ததெல்லாம் நடந்தே தீர வேண்டியவை என்றாகிவிடும். 1987இல் ஜோர்டன் சோபல் என்ற தத்துவ அறிஞர் இதைக் காட்டினார். நான் ஒருவருக்குக் கை கொடுத்ததும், கொடுக்காமல் விலகிப் போனதும் வேறு விதமாக இருந்திருக்கவே முடியாது என்றால், வேண்டுதல் எதற்கு? அருளுக்கு ஏது இடம்? என் வழிபாட்டையே பொருளற்றதாக்கும் ஒரு நிறுவலை பக்திக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாட என்னால் முடியவில்லை.

நம்மிடம் இதைவிட நேர்மையான மரபு உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களும் மேற்கோள் (நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று), ஏது (அதற்கான காரணம்), எடுத்துக்காட்டு என்று பகுக்கப்பட்டவை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதை வைத்தே அதன் ஆசிரியர் மெய்கண்டார் முதல் சூத்திரத்தில் இறைவனைக் காட்டப் புகுகிறார். மறுப்பவர் எந்த இடத்தில் மறுக்கலாம் என்பது அங்கே திறந்து கிடக்கிறது. சிவஞான சித்தியார் என்ற நூலை எழுதிய அருணந்தி சிவாச்சாரியாரும் தம் நெறியைச் சொல்வதற்கு முன், கடவுளை மறுக்கும் உலகாயதர் தொடங்கிப் பிறர் கொள்கைகளை வரிசையாக எடுத்து வைத்து வாதிட்டார்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் தாளை நம்பிப் படிக்கிறார்கள். வரும் வார இணைப்பில் அந்த ஐந்து எடுகோள்களையும், சோபலின் மறுப்பையும், எளிய தமிழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.