குழியை மூடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்லைப்புறத்துக்கு மறைப்பு வேலி போடுவது பற்றித் தங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரமா, இரும்பா, பிளாஸ்டிக்கா, எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தார்கள். கம்பத்தை எத்தனை அடி ஆழத்தில் நடவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தினமும் காலையில் அரை மணி நேரமாவது நடந்தாக வேண்டும் என்றார் மருத்துவர். தெருவில் நடக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. கொல்லையில் நடந்தாலும் பின்சந்தில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், நலம் விசாரிப்பார்கள். தடுமாறும்போது பிறர் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் ஆறடி உயரத்துக்கு மரவேலி போட்டோம். மறுநாளே கைத்தடியுடன் கொல்லையில் இறங்கினார். நான்கு வருடம் ஒருநாள் தவறாமல் நடந்தார்.

காற்றும் மழையுமாக இருந்த ஓர் இரவில் வேலி மொத்தமாகச் சாய்ந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஆண்டுதோறும் வண்ணம் அடித்து வந்ததால் பலகைகள் புதிது போலவே இருந்தன. கம்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில், தரைமட்டத்தில் முறிந்திருந்தன. முறிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நனைந்த அட்டை போல விரல் உள்ளே போனது. கான்கிரீட்டை உடைத்து எடுத்தபோது, ஒரு சாண் கீழே இருந்த மரம் கெட்டியாகவே இருந்தது.

மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கவேண்டும். ஆழத்தில் ஈரம் இருக்கும், காற்று குறைவு. மேலே காற்று இருக்கும், ஈரம் காய்ந்துவிடும். தரைமட்டத்தில் இரண்டும் உண்டு. போதாததற்கு, எங்களுக்கு வேலி போட்டவர் கான்கிரீட்டை மண்ணுக்குச் சற்றுக் கீழேயே கிண்ணம் போலக் குழிவாக நிறுத்தியிருந்தார். ஒவ்வொரு மழைக்கும் கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கான்கிரீட்டின் தலை மண்ணுக்கு மேலே எழும்பி, நாலு பக்கமும் சரிந்து, தண்ணீரை வெளியே தள்ளவேண்டும். கம்பமோ ஒன்றரை அடிதான் உள்ளே போயிருந்தது. மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருப்பது நல்லது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆறடி வேலிக்கு ஒன்பதடிக் கம்பம் வேண்டும் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் அவர் கொல்லைக்கு இறங்கவில்லை. கைத்தடி கதவோரத்திலேயே சாத்திக் கிடந்தது.

இரண்டாம் முறை மூன்று பேரை வரவழைத்தோம். இருவர் நாடாவைப் பிடித்து நீளத்தை அளந்து, நின்ற இடத்திலேயே தொகையைச் சொன்னார்கள். மூன்றாமவர் வயதான மேஸ்திரி. முதலில் கடப்பாரை கேட்டார். இரண்டு இடத்தில் குத்தி மண்ணைப் பார்த்தார். மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று விசாரித்தார். "எல்லைக்கல்லைப் பார்க்காமல் குழி தோண்ட மாட்டேன் அம்மா" என்றார். அவர் கேட்ட கூலிதான் மூன்றிலும் அதிகம். புதிய வேலைகளின் படங்கள் வேண்டாம், ஐந்து வருடத்துக்கு முன் போட்ட வேலி ஒன்றைக் காட்டுங்கள் என்றேன். கூட்டிக்கொண்டு போனார். மூலைக் கம்பத்தைப் பிடித்து உலுக்கினேன், அசையவில்லை. வாயிற்கதவை ஒரு விரலால் தள்ளினேன், தரையில் உரசாமல் போய்ச் சாத்திக்கொண்டது. மேஸ்திரியை அங்கேயே முடிவுசெய்துவிட்டேன்.

முதல் ஒப்பந்தத்தில் நீளமும் தொகையும் மட்டுமே இருந்தன. இந்த முறை கம்பத்தின் நீளம், குழியின் ஆழம், கம்பமாக நடும் இரும்புக் குழாயின் கனம், எந்த ஆணி, பழைய கான்கிரீட்டை யார் அகற்றுவது என எல்லாவற்றையும் எழுதி வாங்கினேன். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவில்லை.

பொருளைப் பொறுத்தவரை, மண்ணைத் தொடுவது இரும்பு, கண்ணில் படுவது மரம் என்று வைத்துக்கொண்டோம். கம்பங்கள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். வெல்டிங் வைக்கும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோய்விடும், துரு அங்கேதான் தொடங்கும். மேஸ்திரி வெல்டிங் வைத்த ஒவ்வொரு இடத்தையும் தேய்த்துச் சுத்தம் செய்து, துத்தநாக வண்ணத்தை இரண்டு முறை பூசினார். குழாயின் வாயில் மூடி போட்டார். பலகைகளைக் குறுக்குச் சட்டத்தின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, ஓரங்கள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடித்தார். பார்வை நுழையாது, காற்று நுழையும். பழைய வேலி இடுக்கே இல்லாமல் பாய் விரித்தது போல நின்றது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மற்றப் பொருள்களைக் குறை சொல்ல வரவில்லை. மூங்கில் அழகுதான், ஆனால் மருந்தேற்றாத மூங்கிலில் துளைப்பூச்சி விழுந்து அடியில் மாவு மாவாகக் கொட்டும். பிளாஸ்டிக் பலகை வெயிலில் நீளும், அதற்கு இடம் விடாமல் முடுக்கினால் வளையும். சிமெண்டுப் பலகை நெடுநாள் நிற்கும், ஆனால் கனம் அதிகம், கம்பமும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். எதைப் போட்டாலும் கம்பத்துக்குக் குழி தோண்டியாக வேண்டும். அடுத்த முறை வேலி பற்றி எழுதும்போது குழியின் ஆழத்தையும் எழுதச் சொல்லுங்கள் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கலவை கொட்டுவதற்கு முன் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். பதினொரு குழிகள். ஒவ்வொன்றிலும் அளவு நாடாவை நானே இறக்கிப் பார்த்தேன். ஏழாவது குழி பாறை தட்டி இரண்டே முக்கால் அடியில் நின்றிருந்தது. நான் கேட்பதற்குள், அதை அகலப்படுத்தியிருப்பதாக அவரே சொன்னார். கலவை இறுகியதும் ஒரு வாரம் தண்ணீர் விடச் சொன்னார். பலகைகள் அப்போது ஏறவில்லை, சந்திலிருந்து பார்த்தால் கொல்லை முழுவதும் தெரியும். ஆனாலும் அந்த ஏழு நாளும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் நடந்தவர் என் கணவர்தான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி