அது நிழல் அல்ல

கிருஷ்ணகிரி,
பிப்ரவரி 16.

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஏழு மாதம் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். மூத்தவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. தங்கைக்கு முட்டிவலி தேவலையா? தாமோதரன் போன வாரம் வந்திருந்தான். படத்தில் வானத்துக்குப் பச்சை பூசுவதை அவன் இன்னும் விடவில்லை.

சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. புகைப்படத்தைப் பார்த்து வரைவதை ஆடி மாதத்தோடு நிறுத்திவிட்டேன். கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் ஒகேனக்கல் அருவியை மட்டும் பதினொரு முறை வரைந்து கொடுத்திருக்கிறேன்; ஒருமுறைகூட அந்த அருவிக்கு எதிரே தாளை விரித்ததில்லை. இதை நினைத்து ஓர் இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. வருமானம் குறைந்ததை உன்னிடம் மறைப்பானேன்? பள்ளியில் வாரம் மூன்று நாள் ஓவிய வகுப்பு இருப்பதால் சமாளிக்கிறோம். மற்ற நாட்களில் விடியுமுன் பையைத் தூக்கிக்கொண்டு ராயக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.

ராயக்கோட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல், பாராமகால் என்று அன்று பெயர் கொண்ட நம் வட்டாரம் திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிய அதே ஆண்டில், இந்த வழியாக வந்து இதே மலைக்கோட்டையை வரைந்தார்கள். வாத்தியார் அந்த அச்சுப்படத்தை வகுப்பில் காட்டியபோது நீ பின்வரிசையில் உறங்கிக்கொண்டிருந்தாய். நான்தான் முழங்கையால் இடித்து எழுப்பினேன். எதிரே உள்ள காட்சியைத் தாளில் விழச்செய்யும் காமிரா அப்ஸ்கியூரா என்ற இருட்டுப்பெட்டியின் துணையோடு கோடுகளைப் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பிய பின் லண்டனில் இருந்தபடி 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டவர்கள் அவர்கள். எந்தப் பெட்டியும் இல்லாமல், அவர்கள் பார்த்த பாறையையே என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

முதல் மாதம் கையில் ஒன்றும் தேறவில்லை. வெள்ளைத்தாளில் நேர்வெயில் பட்டால் நாம் வைக்கும் வண்ணம் எல்லாம் வெளிறித் தெரிகிறது. இன்னும் அழுத்தி வைக்கிறோம். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படமே கரிப்பிடித்ததுபோல் இருக்கிறது. இப்போது புளியமர நிழலில்தான் பலகையை வைக்கிறேன். வண்ணக்குடை பிடித்தால் அதன் சாயம் தாளில் விழுகிறது. கறுப்புக் குடைதான் சரி. பொழுது ஏற ஏற, வானத்துக்கு இழுக்கும் நீர்வண்ணம் தூரிகை மறுகோடிக்குப் போவதற்குள் காய்ந்துவிடுவதால், தாளின் பின்புறத்தையும் நன்றாக நனைத்துக்கொண்ட பிறகே தொடங்குகிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் நிழல்கள் இடம் மாறிவிடும் என்பதால் முதலில் நிழல்களின் எல்லையைத்தான் பென்சிலால் கட்டுகிறேன்.

சண்முகம், நிழலைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி புகைப்படம் எடுத்தால் நிழல் கறுப்பாக அடைத்துப்போகும். அந்தக் கறுப்பைத்தான் இத்தனை ஆண்டுகளும் நான் பூசி வந்திருக்கிறேன். நேரில் நின்று பார்த்தால் நிழலின் மேற்பாதியில் வானத்தின் நீலம் இருக்கிறது, கீழ்ப்பாதியில் செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கதகதப்பாக ஏறியிருக்கிறது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் ஈரத்தாளில் கலக்கவிட்டபோது அந்த நிழல் முதன்முறையாக என் தாளில் வந்து உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கும் ஒரு வாரம் கழித்து, ஆடு மேய்க்கும் பெரியம்மா ஒருவர் என் பின்னால் வந்து நின்று வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பாறையின் முகத்தில் மேலிருந்து கீழாக நீளும் கறுப்புக் கோடுகளை நான் நிழல் என்று எண்ணி நீலம் கலந்து வைத்திருந்தேன். "அது நெழலு இல்லீங்க சாமி. மழை பேஞ்சா தண்ணி எறங்குற தடம்" என்றார், ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று உச்சிப்பொழுது வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லா நிழலும் நகர்ந்தது, அந்தக் கோடுகள் மட்டும் நகரவில்லை. மேலே ஏறித் தொட்டுப் பார்த்தேன். நீர் வழியும் தடத்தில் பாசி படிந்து, காய்ந்து, கறுத்துப் பொருக்காகியிருந்தது. விரலில் சொரசொரவென்று ஒட்டியது. இத்தனை நாள் அந்த மலையின் மழையை நான் நிழல் என்று வரைந்துகொண்டிருந்தேன் என்பதை நீ யோசித்துப் பார்.

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை வரைந்தபோது, தாளின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்து வைத்தார் என்று படித்தபோது அது எனக்கு வெறும் செய்தி. இப்போது நானும் குறிக்கிறேன். நாள், மணி, காற்று. அதன் கீழே, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும்.

மாந்தோப்புகள் எல்லாம் பூத்து நிற்கின்றன. பூவின் நிறம் மஞ்சளும் இல்லை, பழுப்பும் இல்லை. அதற்கு இன்னும் எனக்குக் கலவை பிடிபடவில்லை. உனக்குப் பிடிபடும், உன் கண் அப்படிப்பட்டது. கல்லூரியை விட்டு வந்த பிறகு நீ தூரிகையையே தொடவில்லை என்று தாமோதரன் சொன்னான். அது எனக்குப் பொறுக்கவில்லை. பூ உதிர்வதற்குள் இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. பலகையும் தாளும் இங்கே இருக்கின்றன. உன் கறுப்புக் குடையை மட்டும் மறக்காமல் எடுத்து வா.

என்றும் உன்
முருகேசன்